முடியில் கோகெயின் இருந்தால் நான் உட்கொண்டேன் என்று ஆகிவிடுமா?

கேள்வி: நான் லண்டனில் வசிக்கிறேன். என் கணவர் பல மாதங்களாக வார இறுதிகளில் வீட்டிலேயே கோகெயின் உட்கொண்டு வந்தார். அவர் பயன்படுத்திய மேசையைத் துடைப்பதும், அவருடைய சட்டைகளைத் துவைப்பதும் நான்தான். மூன்று மாதங்களுக்கு முன்பு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டேன். பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கு இப்போது குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது. நானும் சேர்ந்து உட்கொண்டேன் என்று அவர் தரப்பில் சொன்னதால் இருவருக்கும் முடிப் பரிசோதனை செய்ய உத்தரவானது. என் வாழ்நாளில் நான் அதைத் தொட்டதில்லை. ஆனால் அறிக்கையில், வேரை ஒட்டிய முதல் மூன்று சென்டிமீட்டரில் ஒரு மில்லிகிராம் முடிக்கு 0.21 நானோகிராம் கோகெயினும், அதற்கடுத்த மூன்று சென்டிமீட்டரில் 0.64 நானோகிராமும் இருப்பதாக வந்திருக்கிறது. பென்சாயில்எக்கோனின் என்ற பொருள் முதல் பகுதியில் இல்லை, இரண்டாவதில் 0.03. கோடீனும் இருக்கிறதாம், முதுகுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைச் சாப்பிட்டேன். மாதிரி எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு தலைக்குச் சாயம் பூசியிருந்தேன். வேறொரு ஆய்வகத்தில் பணம் கட்டி மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். ஊரில் அம்மா, பிரச்சினை தீர்ந்தால் நான் பழனியில் முடி காணிக்கை செலுத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். இந்த எண்களால் பிள்ளைகளை இழந்துவிடுவேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லண்டன்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நீதிபதிதான் விடை சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் கேள்விக்கு, அதாவது முடியில் கோகெயின் இருப்பதாலேயே நீங்கள் அதை உட்கொண்டதாக ஆகிவிடுமா என்பதற்கு, தடய நச்சியல் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் என்னால் பதில் சொல்ல முடியும். ஆகிவிடாது. ஆனால் நீங்கள் உட்கொள்ளவில்லை என்பதையும் இந்த எண்கள் நிரூபிக்கவில்லை. இந்த இரண்டாவது வாக்கியம் உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம். என்றாலும் அதையும் ஏற்றுக்கொண்டு வாதாடுவதே உங்கள் தரப்புக்குப் பலம்.

ஒருவர் போதைப்பொருளை உட்கொள்ளும்போது அது இரத்தத்தில் கலந்து, மயிர்க்காலுக்கு வரும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியாக, உருவாகிக்கொண்டிருக்கும் முடிக்குள் சேர்கிறது. முடி வளர வளர அந்தப் பகுதி தோலுக்கு வெளியே வந்து தலையை விட்டு விலகிச் செல்கிறது. சிறுநீர்ச் சோதனை சில நாட்களுக்கு மேல் பின்னோக்கிப் பார்க்க முடியாத நிலையில், முடி பல மாதங்களின் தடயத்தைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான். 1979-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெராயின் பயன்படுத்தியவர்களின் முடியில் அபின் வகைப் பொருட்களைக் கண்டறிந்து வெளியிட்ட பிறகு இந்தச் சோதனை வேகமாகப் பரவியது. ஆனால் இரத்தம் மட்டுமே முடிக்குள் நுழையும் வழியல்ல. வியர்வையும், தலையின் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வரும் கொழுப்பும், வெளியிலிருந்து படியும் தூசியும் புகையும், அவற்றைத் தொட்ட கைவிரல்களும் கூட முடிக்கு மருந்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கோகெயின் பொடி படிந்த மேசையைத் துடைத்த கையால் கூந்தலை ஒதுக்கிக்கொள்ளும் ஒருவருடைய முடியில் அந்தப் பொடி படிவது இயல்பானதே. அதன் மேல் வியர்வை பட்டால் அது கரைந்து முடியின் உட்பகுதிக்கே இறங்கிவிடவும் கூடும். அப்படி இறங்கியதை எவ்வளவு கழுவினாலும் முழுமையாக நீக்க முடிவதில்லை.

எனவேதான் நல்ல ஆய்வகங்கள் முடியை முதலில் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்களாலும் நீராலும் கழுவி, கழுவிய திரவத்தையும் எடுத்து வைக்கின்றன. அந்தத் திரவத்தில் கோகெயின் நிறைய இருந்தால், முடியின் வெளிப்புறத்தில் பொடி படிந்திருந்தது என்பதற்கு அது வலுவான குறிப்பு. உங்கள் அறிக்கையில் முடியின் எண்கள் மட்டும் இருக்கின்றன; கழுவு திரவத்தின் எண்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆய்வகம் அதை அளந்ததா, அளந்திருந்தால் எவ்வளவு என்பதே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது வளர்சிதைப் பொருட்கள். உடலுக்குள் சென்ற கோகெயினைக் கல்லீரலும் இரத்தத்திலுள்ள நொதிகளும் உடைத்து வேறு பொருட்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றுதான் பென்சாயில்எக்கோனின். அது முடியில் இருந்தால் கோகெயின் உடல் வழியாகவே வந்தது என்று முற்காலத்தில் துணிந்து சொல்லிவிடுவார்கள். இன்று அவ்வாறு சொல்வதில்லை; ஏனென்றால் ஈரத்தில் கோகெயின் தானாகவே சிதைந்து, உடலின் உதவியின்றியே சிறிதளவு பென்சாயில்எக்கோனினாக மாறிவிடும். நார்கோகெயின், ஹைட்ராக்சிகோகெயின் ஆகிய மற்ற வளர்சிதைப் பொருட்கள் இந்த வகையில் கூடுதல் நம்பிக்கைக்குரியவை. கோகெயினும் மதுவும் ஒரே சமயத்தில் உடலில் இருந்தால் மட்டுமே கோகாஎத்திலீன் உருவாகும். ஆனால் நீங்கள் மது அருந்தாதவராக இருந்தால் அது இல்லாததைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. இந்தப் பொருட்கள் தேடப்பட்டனவா, தேடியும் கிடைக்கவில்லையா, அல்லது தேடப்படவே இல்லையா என்பதை ஆய்வகம் எழுத்தில் சொல்ல வேண்டும். தேடிக் கிடைக்காததும், தேடாமலே விட்டதும் அறிக்கையில் ஒரே வெற்றிடமாகத் தோன்றும்.

இனி உங்கள் எண்களைப் பார்ப்போம். முடி ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம், கோகெயின் பயன்பாட்டைக் கண்டறிவதற்கு ஒரு மில்லிகிராம் முடிக்கு 0.5 நானோகிராம் கோகெயினும், அதனுடன் ஏதாவதொரு வளர்சிதைப் பொருள் 0.05 நானோகிராம் அளவிலும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. உங்கள் முதல் பகுதி இரண்டு வகையிலும் இந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. இரண்டாம் பகுதியில் கோகெயின் வரம்பைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. வளர்சிதைப் பொருள் எட்டவில்லை. அதாவது இரண்டு நிபந்தனைகளும் ஒரே இடத்தில் எங்குமே நிறைவேறவில்லை. இதை உங்கள் வழக்கறிஞர் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், வரம்புக்குக் கீழே இருந்தால் குற்றமற்றவர், மேலே இருந்தால் குற்றவாளி என்று பிரிக்கும் கோடு இதுவல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. எப்போதாவது ஒருமுறை உட்கொண்டவரின் முடி வரம்புக்குக் கீழே நிற்கலாம். ஒருபோதும் உட்கொள்ளாமல் பொடி பறக்கும் வீட்டில் வாழ்ந்தவரின் முடி வரம்பைத் தாண்டலாம்.

இரண்டு பகுதிகளுக்கும் உள்ள வேறுபாடுதான் என் கவனத்தை மிகவும் ஈர்க்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்ற கணக்கின்படி, முதல் மூன்று சென்டிமீட்டர் நீங்கள் வீட்டை விட்டு வெளியேறிய பிறகான காலம். அடுத்த மூன்று சென்டிமீட்டர் கணவரோடு வாழ்ந்த காலம். வெளியேறிய பிறகு அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. மேலும், வேரிலிருந்து தள்ளியிருக்கும் முடி அந்த வீட்டுக் காற்றில் அதிக நாட்கள் இருந்த முடி. இவை நீங்கள் சொல்லும் கதையோடு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் எதிர்த்தரப்பு நிபுணர் ஒருவர் இதே எண்களைக் காட்டி, கணவரோடு இருந்தபோது சிறிதளவு உட்கொண்டார், பிரிந்த பிறகு நிறுத்திவிட்டார் என்று சொன்னால், அதையும் முடியை மட்டும் வைத்து மறுக்க முடியாது. இந்த இரண்டில் எது உண்மை என்பதை முடிக்கு வெளியே உள்ள சான்றுகளே தீர்மானிக்கும்.

முதல் பகுதியில் ஏன் கொஞ்சமாவது இருக்கிறது என்று நீங்கள் பதறியிருப்பீர்கள். அதற்கும் விளக்கம் உண்டு. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது சராசரிதான். ஆளுக்கு ஆள் அது 0.6 முதல் 1.4 சென்டிமீட்டர் வரை வேறுபடும். மெதுவாக வளரும் தலையில் மூன்று சென்டிமீட்டர் என்பது ஐந்து மாதத்தையும், வேகமாக வளரும் தலையில் இரண்டு மாதத்தைச் சற்று மட்டுமே தாண்டிய காலத்தையும் குறிக்கலாம். அது மட்டுமல்லாமல், எந்த நேரத்திலும் தலையிலுள்ள முடிகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வளர்ச்சி நின்று ஓய்வு நிலையில் இருக்கும். அவை வளராததால், அவற்றின் வேரை ஒட்டிய பகுதியிலேயே பல மாதங்களுக்கு முந்தைய தடயம் அப்படியே நிற்கும். ஆகவே உட்கொள்வதையோ அந்தச் சூழலில் இருப்பதையோ விட்ட பிறகும் சில மாதங்களுக்கு வேர்ப்பகுதியில் சிறிதளவு தென்படுவது வழக்கமானதே. அறிக்கையில் தேதிவாரியாக மாதங்கள் குறிக்கப்பட்டிருந்தால், அந்தத் தேதிகளை நாள்காட்டித் தேதிகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே நம்மவர்களுக்குத் தனியாகப் பொருந்தும் ஒரு செய்தியும் உண்டு. கோகெயின், ஆம்ஃபெட்டமின் போன்ற காரத்தன்மையுள்ள மருந்துகள் முடிக்குக் கருமை தரும் மெலனின் நிறமியோடு இறுகப் பிணைகின்றன. எனவே ஒரே அளவு உட்கொண்ட இருவரில் கருங்கூந்தல் உள்ளவரின் முடியில், பொன்னிற முடி உள்ளவரின் முடியில் இருப்பதைவிட அதிக மருந்து காணப்படலாம். முடியிலுள்ள அளவை வைத்து ஒருவர் எவ்வளவு உட்கொண்டார் என்று கணக்கிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். "குறைவு", "நடுத்தரம்", "அதிகம்" என்று சில அறிக்கைகள் போடும் முத்திரைகள் அந்த ஆய்வகம் முன்பு கண்ட மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்பவை. அவை உட்கொண்ட அளவைச் சொல்பவை அல்ல.

இத்தனை எச்சரிக்கைகளையும் ஒரு நிபுணரின் தயக்கமாக நினைத்துவிடாதீர்கள். கனடாவின் டொரொண்டோ நகரில், குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனை ஒன்றில் இயங்கிய மதர்ரிஸ்க் என்ற ஆய்வகத்தின் முடிச் சோதனைகளை ஒண்டாரியோ மாகாணத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகள் பல ஆண்டுகள் நம்பியிருந்தன. ஒரு தாய் தன் சிறு குழந்தைக்குக் கோகெயின் கொடுத்ததாக 2009-ல் தண்டிக்கப்பட்டதற்கும் அந்த ஆய்வகத்தின் முடிவே முக்கிய ஆதாரம். 2014 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோகெயின் தொடர்பான அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் நடத்திய ஆய்வு, 2005 முதல் 2015 வரை அந்த ஆய்வகம் செய்த முடிச் சோதனைகள் குழந்தைகள் பாதுகாப்பு வழக்குகளிலும் குற்ற வழக்குகளிலும் பயன்படுத்தத் தகுந்தவை அல்ல என்று 2015 டிசம்பரில் அறிவித்தது. 2010 வரை அங்கே எலைசா என்ற முதற்கட்டச் சோதனையின் முடிவையே, மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவியான நிறை நிறமாலைமானியால் உறுதிசெய்யாமல், இறுதி முடிவாகத் தந்திருந்தார்கள்; முடியை முறையாகக் கழுவும் வழக்கமும் இருக்கவில்லை. பின்னர் நீதிபதி ஜூடித் பீமன் தலைமையிலான ஆணையம் 1,271 வழக்குகளைப் பரிசீலித்து, அவற்றில் 56 வழக்குகளின் முடிவில் அந்தச் சோதனைகள் கணிசமான தாக்கம் செலுத்தியிருந்ததாக 2018-ல் சொன்னது. அங்கே தவறியவை நான் மேலே சொன்ன அதே சாதாரண நடைமுறைகள்தான். எனவே உங்கள் ஆய்வகம் சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரச்சான்று பெற்றதா, அந்தச் சான்று முடியில் கோகெயின் அளப்பதையும் உள்ளடக்கியதா, முடிவு நிறை நிறமாலைமானியால் உறுதிசெய்யப்பட்டதா என்று கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.

நீங்கள் வழக்காடும் நாட்டின் நீதிமன்றங்கள் இதை அறியாதவை அல்ல. முடிச் சோதனை ஒட்டுமொத்தச் சான்றுகளில் ஒரு பகுதியாக மட்டுமே கருதப்பட வேண்டும் என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2010-ல் ரிச்மண்ட் உள்ளாட்சி அமைப்பு தொடர்ந்த வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. 2017-ல் நீதிபதி பீட்டர் ஜாக்சன் விசாரித்த வழக்கு உங்களுடையதற்கு நெருக்கமானது. அதில் ஒரு தாயின் முடியில் பல ஆய்வகங்கள் குறைந்த அளவிலான கோகெயினைக் கண்டிருந்தன. முடிச் சோதனையின் அடிப்படை அறிவியலில் குறையில்லை என்று ஏற்றுக்கொண்ட அவர், எண்களை உரிய எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்றும், அறிக்கையை முழுமையாகப் படிக்க வேண்டும் என்றும் விளக்கினார். உங்கள் வழக்கறிஞருக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் நினைவூட்டுங்கள்.

தாமதிக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இங்கிலாந்துக் குடும்ப நீதிமன்ற விதிகளின்படி, நிபுணரின் அறிக்கை கைக்கு வந்த பத்து நாட்களுக்குள், அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் கேள்விகளை அவருக்கு எழுத்தில் அனுப்பலாம். கழுவு திரவம், நார்கோகெயின், வளர்ச்சி வேகம், வீட்டுச் சூழலால் இந்த அளவுகள் வந்திருக்க முடியுமா என்பன போன்ற கேள்விகளை அந்தக் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். கெடு முடிந்திருந்தால் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். கணவருடைய முடி அறிக்கையையும் உங்களுடையதையும் ஒரே நிபுணர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மிகவும் பயன் தரும். அவர் முடியில் அளவு பலமடங்கு அதிகமாகவும், வளர்சிதைப் பொருட்களோடும் இருந்தால், வீட்டில் பொடி இருந்தது என்ற உங்கள் கூற்றுக்கு அதுவே சாட்சி.

உறவினர் சொல்வதுபோல் நீங்களாகவே வேறொரு ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். பிள்ளைகள் தொடர்பான வழக்குகளில் நீதிமன்றத்தின் அனுமதியின்றி நிபுணர் சான்றைப் பெற்றுத் தாக்கல் செய்வதற்கு 2014-ஆம் ஆண்டின் சட்டம் தடை விதிக்கிறது. செலவழித்த பணம் வீணாகலாம். மறுசோதனை தேவை என்று வழக்கறிஞர் கருதினால், முதலில் எடுத்த மாதிரியில் மீதம் இருக்கிறதா என்று கேட்டு, அதையே வேறு ஆய்வகத்தில் சோதிக்க அனுமதி கோருவதுதான் சரி. இன்று புதிதாக எடுக்கும் முடி வேறொரு காலத்தைக் காட்டும். பழைய முடிவை அது பொய்யாக்காது.

சாயத்தைப் பற்றி மறைக்க எதுவும் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நிரந்தரச் சாயமும், குறிப்பாக நிறத்தை வெளுக்கச் செய்யும் பிளீச்சும், முடியிலுள்ள மருந்தின் அளவைக் குறைக்கக் கூடியவை. முடியின் மேலுறையைச் சேதப்படுத்தி வெளித் தூசி உள்ளே இறங்குவதை எளிதாக்கவும் கூடும். மாதிரி எடுத்தவரிடம் இதைச் சொல்லியிருந்தால் அறிக்கையில் குறிப்பு இருக்கும். சொல்லவில்லை என்றால் சாயத்தின் பெயரையும் பூசிய தேதியையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நரையை மறைக்கச் சாயம் பூசுவதை யாரும் சதியாகப் பார்ப்பதில்லை. கேட்கப்படும்போது சொல்லாமல் விட்டு, பிறகு வெளிப்படுவதுதான் சிக்கல்.

கோடீனுக்கு விளக்கம் எளிது. பிரிட்டனில் மருத்துவச் சீட்டில்லாமல் கிடைக்கும் பாராசிட்டமால் கலந்த வலி மாத்திரைகள் சிலவற்றில் 8 மில்லிகிராம் கோடீன் இருக்கிறது. உடல் கோடீனில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுவதால், நாளை அறிக்கையில் சிறிது மார்ஃபின் தென்பட்டாலும் திகைக்க வேண்டாம். ஹெராயினுக்கே உரிய தடயமான 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் கோடீன் மாத்திரையிலிருந்தும் வராது, குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவிலிருந்தும் வராது. மாத்திரையின் பெட்டியோ ரசீதோ இருந்தால் எடுத்து வையுங்கள். உங்கள் மருத்துவரின் பதிவில் முதுகுவலி குறிக்கப்பட்டிருந்தால் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் வேண்டுதலை வழக்கு முடிந்த பிறகு நிறைவேற்றலாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போது தலையை மழித்துக்கொண்டால், உங்கள் நோக்கம் பக்தியே ஆனாலும், சான்றை அழித்ததாக எதிர்த்தரப்பு வாதிடும். தலைமுடி இல்லாதபோது உடலின் மற்ற இடங்களிலிருந்து எடுக்கும் முடி வேறு சுழற்சியில் வளர்வதால், மாதவாரியாகக் காலத்தைப் பிரித்துக் காட்டாது. கணவரோடு வாழ்ந்த காலத்துக்கும் பிரிந்த காலத்துக்கும் இடையே இப்போது உங்களுக்குச் சாதகமாகத் தெரியும் வேறுபாட்டை அடுத்த சோதனையில் காட்ட வழியில்லாமல் போய்விடும்.

நீதிமன்றம் சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒரு மாதிரி கேட்டால் அதை நீங்கள் வரவேற்கவே வேண்டும், ஏனென்றால் பிரிந்த பிறகு வளர்ந்த முடி அப்போது இன்னும் நீளமாக இருக்கும். அதில் கோகெயின் மேலும் குறைந்தோ முற்றிலும் மறைந்தோ போனால் உங்கள் கூற்றுக்குக் கூடுதல் துணை கிடைக்கும். அதுவரை கணவருடைய பழைய உடைகள், போர்வைகள், அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை, சீப்பு ஆகியவற்றைப் பயன்படுத்தாதீர்கள். மாதிரி எடுக்கும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் செல்லுங்கள். பின்னந்தலையின் மேற்பகுதியில், தோலை ஒட்டி, ஒரு பென்சில் அளவு தடிமனில் முடியை வெட்டுகிறார்களா, வேர் முனை எது என்று அடையாளமிடுகிறார்களா, உங்கள் கண்முன்னே உறையிட்டு முத்திரை வைக்கிறார்களா என்று கவனியுங்கள். கையொப்பமிடும் முன், சாயம், மாத்திரை, வீட்டில் பிறர் பயன்படுத்திய போதைப்பொருள் ஆகிய மூன்றும் படிவத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.